இடது ஓரத்தில் ஒருவர் தேவை

திருத்தணியில் கால்பந்து ஆடத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதில் டீமுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடம் அகலம். பந்துப் பையும் தண்ணீர் கேனும் அதில் தாராளமாக அடங்கும். அதுபோக, பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப் என்னுடையது. அதன் ஊசி இன்னொருத்தரிடம் இருக்கிறது. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை டீம். விசைத்தறிக்குப் போகிற பையன்கள், பூக்கடைப் பையன்கள், அரக்கோணம் வழியாக சென்னைக்குக் காலேஜ் போகிறவர்கள், ரிட்டையர் ஆகப்போகிற ஒரு வாத்தியார். ஜெர்சி மஞ்சள். கால்பந்து ஜெர்சி மொத்தமாக வாங்கக் காசு பத்தாததால், சீசன் முடிந்து விலை இறங்கிய சிஎஸ்கே டூப்ளிகேட் பனியன்களை அள்ளிக்கொண்டு வந்தேன். லாபம்தான். ஆனால் எல்லோர் முதுகிலும் 7.

அப்படியும் ஓரளவுக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். இடது ஓரத்தில் ஓடுகிற பையனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் விடியாத நேரத்தில் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அவன் அம்மா வீட்டுக்கு வந்து ஸ்வீட் கொடுத்தார்கள். நான் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "லெஃப்ட் விங்குக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்டேன். மைசூர்பாகில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாதது அவர்கள் பெருந்தன்மை.

நடுவில் நின்று கோல் போட எங்களிடம் ஆள் உண்டு, தேவைக்கு மேலேயே. கோல் கீப்பர் மட்டும் நாலு பேர். ஓடவேண்டாம் என்பது அந்த வேலையின் தனிச்சிறப்பு. ஓரத்தில் ஓடத்தான் ஒருத்தரும் வருவதில்லை. யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஓரத்தில் இருப்பவன் ஆட்டம் முழுக்க மேலும் கீழும் ஓடணும். பத்து தடவை ஓடினால் ஒரு தடவை பந்து வரும். அதையும் நடுவில் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிடணும். குரூப் போட்டோவில் பாதி தோள்தான் விழும்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து எனக்கு ஆலோசனை வர ஆரம்பித்தது. அக்கா மகன் டல்லாஸில் இருக்கிறான். அங்கே கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர். அந்த ஊர் டீம் கவ்பாய்ஸ். ஓரத்தில் நின்று, பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போகக் கிளம்பியதும் முன்கூட்டியே பேசி வைத்த பாதையில் ஓடி, அவர் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன் வைட் ரிசீவர். "எங்க டீம்லயும் இதே பிரச்சினைதான் மாமா. ரிசீவர் பக்கம் டெப்த் இல்லாம இருந்துச்சு" என்றான். கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு. டல்லாஸும் திருத்தணியும் ஒரே நிலைமை.

நிலைமைதான் ஒன்று, தீர்வு வேறு. சிடி லாம்ப் என்று ஒருவர் அவர்களுடைய முதன்மை ரிசீவர். சம்பளம் போதாது என்று 2024-ல் பயிற்சி முகாமுக்கே வராமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் நாலு வருஷத்துக்கு 13.6 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நம்ம காசில் ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். எங்கள் பையனும் ஒருமுறை வராமல் உட்கார்ந்தான். இரண்டு பரோட்டாவில் சமாதானம் ஆனான். அதற்கே கணக்குக் கேட்டார்கள்.

ஆனால் ஒருத்தரை நம்பி எத்தனை நாள்? எதிர் டீம் இரண்டு பேரை விட்டு அவரை மறித்துவிட்டால் பந்து யாரிடம் போகும்? அதனால் 2025 மே மாதம் பிட்ஸ்பர்க் டீமிலிருந்து ஜார்ஜ் பிக்கன்ஸை வாங்கிப் போட்டார்கள். செப்டம்பரில் லாம்ப்புக்குக் கணுக்காலில் அடி. அடுத்த வாரம் கிரீன் பேயுடன் ஆட்டம். லாம்ப் வெளியே, பிக்கன்ஸ் உள்ளே. ஸ்கோர் 40-40, டிரா. "இது கபடி ஸ்கோர்டா" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அங்கே ஒரு டீமுக்கு 53 பேர். ரிசீவர் மட்டும் ஐந்தாறு பேர் வைத்துக்கொள்வார்களாம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த 53-க்குக் குறைவில்லை. குட் மார்னிங் போடுவதில் எல்லோரும் முதல் பதினொன்று.

இருந்தாலும் அவன் சொன்ன ஒரு விஷயம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஓட வேண்டிய பாதையை முன்னாடியே வரைந்து மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். நானும் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, புள்ளி வைத்து, வளைவு வளைவாக அம்புக்குறி போட்டேன். மேட்ச் அன்றைக்கு நோட்டைக் காணோம். வீட்டுக்குப் போனால் வாசலில் இருந்தது, இடது ஓரத் தாக்குதல் திட்டம் எண் மூன்று, அரிசி மாவில். என் மனைவி அதைக் கோல நோட்டு என்று நினைத்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மா நின்று பார்த்து, சிக்கு கொஞ்சம் தப்பு என்றார்கள்.

அடுத்தது ஸ்டாமினா. ஊரில் மலை இருக்கிறது, மலைக்கு 365 படி இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு சொல்லும் படி. டிசம்பர் 31 ராத்திரி ஒவ்வொரு படிக்கும் சூடம் ஏற்றிப் பூஜை நடக்கும். உலகத்தில் வேறெந்த டீமுக்கு இப்படி ஓசியில் ஒரு ஜிம் கிடைக்கும்? விடியற்காலை எல்லோரையும் வரச் சொல்லி, "படி ஏறி இறங்கணும், நிக்கவே கூடாது" என்று ஆர்டர் போட்டேன். தலைவன் முன்னால் போகணும் என்று முதல் ஆளாக ஏறினேன். பூக்காரப் பாட்டி பக்கத்தில் நான் உட்கார்ந்தது எந்தப் படி என்று எண்ணவில்லை. எண்ணுகிற நிலைமையில் இல்லை.

பையன்கள் மேலே போனார்கள். போனவர்கள் தரிசனம் பண்ணி, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, மண்டபத்தில் ஒரு தூக்கம் போட்டு, பின்னால் இருக்கிற ரோடு வழியாக ஷேர் ஆட்டோவில் இறங்கி, எனக்கு முன்னாடியே டீக்கடையில் இருந்தார்கள். எனக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது.

இதையெல்லாம் செய்துவிட்டு டீக்கடையில் நான் வழக்கமாகப் பேசுவது என்ன தெரியுமா? இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு மூளையே கிடையாது என்பதுதான்.

2024 ஜூன் 6. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். குவைத்துடன் 0-0. அன்றோடு சுனில் சேத்ரி ஓய்வு. 2005-ல் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட ஆரம்பித்தவர், 151 ஆட்டம், 94 கோல். அடுத்து யார் என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்த்தார்கள். அந்த 2024-ம் வருஷம் முழுக்க இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசியில் ஸ்பெயின்காரக் கோச் மனோலோ மார்க்கேஸ், 40 வயது சேத்ரியையே திரும்பக் கூப்பிட்டார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுடன் 3-0. அதில் ஒரு கோல் சேத்ரி, தலையால் முட்டி. "நூத்தி நாப்பது கோடி பேர்ல இன்னொரு ஆள் கிடைக்கலயா?" என்று டேபிளைத் தட்டினேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, "திருத்தணியில ஒரு லெஃப்ட் விங் கிடைக்கலயே சார்" என்றார். அவர் கடையில் எனக்குக் கணக்கு இருக்கிறது, அதனால் பதில் பேசவில்லை.

சேத்ரிக்கு அடுத்த ஆள் கிடைக்காததற்குக் காரணம் வெளியிலேயே கிடக்கிறது. 2014-ல் ஐஎஸ்எல் ஆரம்பித்தபோது ஒரு டீம் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்களை இறக்கலாம். பிறகு ஐந்தாகி, 2021-22 சீசனிலிருந்து நாலாகக் குறைத்தார்கள். கிளப் காசு போட்டு ஆள் எடுக்கும்போது முதலில் யாரை எடுக்கும்? கோல் போடுகிறவனைத்தான். நம்ம சென்னையின் எஃப்சியையே பாருங்கள். 2015-ல் கோப்பை வாங்கினோம், கொலம்பியாவின் மெண்டோசா 13 கோல். 2019-20-ல் ஃபைனல் வரை போனோம், லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல். நம்ம பையன்கள் நடுவிலும் பின்னாலும் ஆடிப் பழகினார்கள், முன்னால் நின்று பழகவில்லை. மெண்டோசா கோல் போட்டபோது தொண்டை கட்டக் கத்திவிட்டு, பத்து வருஷம் கழித்து இந்திய ஸ்ட்ரைக்கர் எங்கே என்று கேட்கிற ஆளும் நான்தான்.

தமிழ்நாட்டில் ஓரத்தில் ஓடுகிற ஆளே கிடையாது என்றும் ஒருநாள் அடித்துவிட்டேன். காலேஜ் பையன் ஒருத்தன் பேசாமல் போனை நீட்டினான். 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை, ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் ஒரு அடி. நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் அன்றைக்கு ஜெயித்தது. அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன், விங்கர். அந்த மேட்சை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். நல்ல பெங்காலிப் பையன் என்று பாராட்டியும் இருக்கிறேன்.

அவன் விடவில்லை. கன்னியாகுமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜ், அவரும் இடது ஓரம்தான். 2020 சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசனே போனது. காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி நாராயணன், 2022-23-ல் ஐஎஸ்எல்லின் வளரும் வீரர் விருது. பெங்களூரு டீமில் இவர் முன்னால் ஆட, சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்த மேட்ச்கள் உண்டு. அந்த வருஷ ஃபைனலில் ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே சிவசக்திக்கு அடி. அவசரமாக உள்ளே வந்தது யார்? சேத்ரி. பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். மாற்று ஆளுக்கு மூல ஆளே மாற்று ஆளாக வந்த கதை. எல்லாம் கேட்டுவிட்டு, "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன். இந்த வாக்கியத்தால் நான் காப்பாற்றிய மானம் கொஞ்சமில்லை.

நாங்கள் ஆண்கள் டீமை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அதே 2025 ஜூலையில், தாய்லாந்தின் சியாங் மாயில் நம் பெண்கள் டீம் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போயிருக்கிறது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ஆண்கள் 2027 ஆசியக் கோப்பைக்குப் போகமுடியாமல் நின்றுவிட்டார்கள். இந்த ஜூலைச் செய்தி எனக்குத் தெரிந்தது அக்டோபரில். அதுவும் என் மகள் சொல்லி.

சரி, மொட்டை விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, உங்களுக்கு மட்டும் மறைத்து என்ன பிரயோஜனம்?

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி ஊராக இருக்காது, வரிசையாகத்தான் இருக்கும். எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, புஷ்பக் காவடி, அரோகரா. சரவணப் பொய்கையில் தெப்பம். நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முடி இறக்குவார்கள். என் டீமில் பாதிப் பேர் காவடி எடுத்தார்கள். மீதிப் பேர் செருப்பு டோக்கனும் தண்ணீர் பாக்கெட்டும் போட்டு நாலு காசு பார்த்தார்கள். இதெல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரன், அந்தக் கூட்டம் முழுக்க வடியாத மறுநாளே அரக்கோணம் டீமோடு மேட்ச் வைப்பானா? வைத்தேன்.

கிரவுண்டில் ஒரு பாதியில் ஸ்பெஷல் பஸ் நிற்கிறது. மறுபாதியில் நாங்கள். எங்கள் ஆட்கள் பத்து பேர்தான் வந்திருந்தார்கள். இடது ஓரம் வழக்கம்போல் காலி. வந்தவர்கள் அத்தனை பேரும் மொட்டை, தலை நிறையச் சந்தனம், மஞ்சள் பனியன். எனக்குக் கண்ணாடி வீட்டில். பஸ் ஓரமாக ஒரு மொட்டை, மஞ்சள் பனியன், வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. வந்தும் ஆடாமல் நிற்கிறான் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், மேட்ச் ஓடுது, பழமா திங்கிற? லெஃப்ட்ல ஏறுடா!" என்று கத்தினேன்.

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். மீதியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

வந்தவன் ஓடினான் பாருங்கள்! கோட்டை ஒட்டியே பந்தைத் தள்ளிக்கொண்டு போய், அரக்கோணத்து பேக் காலை நீட்டினதும் உள்பக்கமாகத் தட்டி, அவன் திரும்புவதற்குள் வெளிப்பக்கம் எடுத்து, வெறுங்காலால் ஒரு கிராஸ். வாத்தியார் நெற்றியில் பட்டு கோல். அவர் அடிக்கவில்லை, அவர்மேல் பட்டது. சந்தனம் பந்தில் ஒட்டிக்கொண்டது. "இத்தனை நாளா இந்த ஆட்டத்தை எங்கடா வச்சிருந்த?" என்று கட்டிப்பிடித்தேன். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதுகில் 7 இல்லை.

நகரிக்குப் பக்கம். காலேஜ் டீமில் லெஃப்ட் விங். வேண்டுதலுக்கு மொட்டை போட வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறான். யாரோ பெரியவர் கூப்பிடுகிறாரே என்று மரியாதைக்கு ஆட வந்திருக்கிறான்.

அரக்கோணத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆந்திரா ஆளை இறக்கிவிட்டோம் என்று கிரவுண்டுக்குள் வந்துவிட்டார்கள். நான் விடவில்லை. "1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவுலதான்யா இருந்துச்சு! ம.பொ.சி. அத்தனை போராடித்தான் ஊர் இந்தப் பக்கம் வந்துச்சு. கோடு கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி விழுந்திருந்தா இவன் லோக்கல் பையன்!" என்று சரித்திரத்தையே இழுத்தேன். அவர்கள் பக்கத்துப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படின்னா அந்த கோலையும் ஆந்திரா கணக்குல எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 1-0 மறுபடி 0-0 ஆனது.

இதற்குள் புத்தூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. பையனின் அம்மா, கையில் பிரசாதப் பையோடு கிரவுண்டின் குறுக்கே நேராக என்னிடம் வந்தார்கள். தெலுங்கில்தான் திட்டினார்கள். எல்லைப்புற ஊரில் பிறந்து வளர்ந்ததில் ஒரு கஷ்டம், ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

குடும்பம் மொத்தத்துக்கும் டிபன் வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் உட்காரவைத்து அனுப்பினேன். அதில் போன காசுக்கு உண்மையான கால்பந்து ஜெர்சியே ஒரு செட் வாங்கியிருக்கலாம். ஆனால் ஜன்னல் வழியாகப் பையன் நம்பர் கொடுத்தான். "வருஷா வருஷம் வருவோம் சார், அம்மா வேண்டுதல்" என்றான். அம்மா ஜன்னலைச் சாத்தினார்கள்.

டல்லாஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். "சூப்பர் மாமா, ஆள் கெடைச்சாச்சுல்ல?" என்றான். கிடைத்தாச்சு, வருஷத்துக்கு ஒரு நாள் ஆடுவான் என்றேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். அஞ்சு பேருக்குப் பூரி, பொங்கல், ஒரு வடை எக்ஸ்ட்ரா.

அடுத்த ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்று காலண்டரில் பார்த்து, அதற்கு மறுநாள் மேட்ச் என்று இப்போதே குரூப்பில் போட்டுவிட்டேன். மற்ற டீமெல்லாம் லீவு பார்த்து மேட்ச் வைக்கும், நாங்கள் நட்சத்திரம் பார்த்து வைக்கிறோம். குரூப்பில் பதிலுக்கு வந்தது நிறைய குட் மார்னிங்.

போன வாரம் அந்தப் பையனே போன் செய்தான். கட்டாயம் வருகிறானாம், இந்தத் தடவை ஷூவும் எடுத்து வருகிறானாம். கூட ஒரு ஃப்ரெண்டையும் கூட்டி வருகிறானாம், அவனுக்கும் வேண்டுதல் இருக்கிறதாம், பிரமாதமாக ஆடுவானாம். எனக்குக் கை நடுங்கியது. எந்த இடத்தில் ஆடுவான் என்று கேட்டேன்.

கோல் கீப்பராம்.